வெயில் எந்த டைல்ஸ் வரை வருகிறது?

எங்கள் ஹாலில், பால்கனிக் கதவை ஒட்டிய தரையில், சாக்பீஸ் கோடுகள் இருக்கும். வீடு துடைக்க வரும் அக்கா அழித்துவிட்டால் அம்மா மறுபடி போட்டுவிடுவார். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ‘கார்’, ‘மார்’, ‘தை’ என்று பொடி எழுத்தில் மாதத்தின் பெயர். காலை ஒன்பது மணிக்கு வெயில் வீட்டுக்குள் எதுவரை வருகிறது என்ற கணக்கு அது. ஹாலில் நிற்கும், ஓட்டை ஓட்டையாகப் பெரிய இலை விடும் மான்ஸ்டெரா செடியை எந்த மாதம் எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். செடி இப்போது என்னைவிட உயரம். பெரிய இலை ஒன்றை அளந்தால் இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவு.

இந்தச் செடியைப் பற்றிப் படிக்கக் கிடைப்பது பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. தெற்கு ஜன்னலில் வெளிச்சம், வடக்கு ஜன்னலில் நிழல், குளிர்காலத்தில் தண்ணீரைக் குறை, கோடையில் தாராளமாக ஊற்று என்று சொல்வார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. சென்னை மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் அதை அப்படியே நம்பி இரண்டு முறை செடியை இழக்கப் பார்த்தேன். நம் பக்கம் இதே செடியை வளர்ப்பவர்களுக்கு அந்த நஷ்டம் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

2019 தை மாதம், பொங்கல் முடிந்த வாரம், ஈ.சி.ஆர். ஓரமாக ஒரு நர்சரியில் வாங்கியது. முழங்கால் உயரம், நான்கு இலை. “ஓட்டை இலைச் செடிம்மா, மணி பிளான்ட் மாதிரிதான், தண்ணி ஊத்தினா போதும்” என்றார் அந்த அண்ணன். அவர் சொன்னதில் பாதி உண்மை. இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் தண்ணீர் விஷயத்தில் இது மணி பிளான்ட் இல்லை.

அந்தக் கோடையைச் சென்னையில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரியும் காய்ந்து கிடந்தன. எங்கள் அப்பார்ட்மென்ட்டில் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி போர் தண்ணீர் விட்டார்கள். அதற்கு மேல் லாரி வந்தால்தான். அந்த நேரத்தில் செடிக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவது மனசுக்கு உறுத்தலாக இருந்தது. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றினேன். வீணாகாமல் பயன்படுகிறதே என்று திருப்தியாகவும் இருந்தது. ஒரு மாதத்தில் இலை நுனியெல்லாம் பழுப்பாகி, ஓரங்கள் காகிதம்போல் மொறமொறவென்று ஆகிவிட்டன. மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், கரித்தது.

தண்ணீரிலிருக்கும் உப்பைப் பிரித்து வெளியே தள்ளுவதுதான் அந்த மெஷினின் வேலை. நமக்குக் கிடைப்பது நல்ல தண்ணீர், செடிக்கு நான் கொடுத்தது அந்த உப்பு. ஊற்றும் தண்ணீரைச் செடி குடித்துவிடும், மீதி ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தொட்டியிலேயே தங்கும். சேரச் சேர, வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி காயும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிச் செடிக்கு வேண்டாம்.

மாற்று வழி வீட்டிலேயே சொட்டிக்கொண்டிருந்தது. படுக்கையறை ஏசியின் குழாய்க்குக் கீழே பக்கெட் வைத்தேன். காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்து சொட்டுகிற தண்ணீர் அது, உப்பு அநேகமாகக் கிடையாது. கடலோர ஊர் என்பதால் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இரவு முழுக்க ஏசி ஓடினால் விடியும்போது முக்கால் பக்கெட் நிறைந்திருக்கும். செடிக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும் மாதங்களில்தான் ஏசியும் ஓடுகிறது. அந்தப் பொருத்தத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். சித்திரையிலிருந்து ஆனி வரை எங்கள் மான்ஸ்டெரா குடிப்பது அந்தத் தண்ணீர்தான். ஏசி சர்வீஸ் செய்த அன்று மட்டும் பிடிக்காதீர்கள், கழுவிய மருந்து கலந்து வரும். செடியை ஏசி காற்று நேராகப் படுகிற இடத்திலும் வைக்க வேண்டாம், விரியாத இலை உள்ளேயே காய்ந்துவிடும்.

அந்தக் கோடையைத் தாண்டிய செடி, ஐப்பசியில் படுத்துவிட்டது.

சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. தீபாவளிக்கு முன்னாலேயே வானம் மூடிக்கொண்டது. நான் துளசிக்கு ஊற்றுவதுபோல் தினமும் காலையில் ஒரு செம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். அடி இலை மஞ்சளானது. கோடைப் பயம் மனசில் இருந்ததால் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னொரு செம்பு சேர்த்தேன். அடுத்த இலையும் மஞ்சள். தொட்டியை நகர்த்தும்போது சாக்கடை வாடை அடித்த பிறகுதான் செடியை வெளியே எடுத்துப் பார்த்தேன். வேரைப் பிடித்தால், ஊற வைத்த வேர்க்கடலையின் தோல்போல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்புதான் மிச்சம். நர்சரியில் போட்டிருந்த கெட்டிச் செம்மண், பிசைந்த மாவுபோல் உருண்டை பிடிக்கும் பதத்தில் இருந்தது.

வேருக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு காற்றும் முக்கியம். வெயில் இல்லாத நாட்களில் இலை வழியாகத் தண்ணீர் போவது குறைந்துவிடும், செடி குடிப்பதும் குறைந்துவிடும். மண் காயாது. மண் துளைகளெல்லாம் தண்ணீரால் அடைபட்டிருந்தால் வேர் மூச்சு முட்டி அழுகிவிடும். தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரையுள்ள காடுகளில் இது மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிற கொடி. மழை கொட்டினாலும் அங்கே வேர்களைச் சுற்றிச் சருகும் காற்றும்தான். என் தொட்டிக்குள் அதற்குக் கிடைத்தது சேறு.

தண்டில் மேலே இரண்டு கணுக்கள் மட்டும் கெட்டியாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஆலம் விழுதுபோல் பழுப்பு நிறத்தில் ஒரு குட்டி விழுது. ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் அழுகலுக்கு இரண்டு அங்குலம் மேலே, வெட்டுமுகம் பச்சையாகத் தெரிகிற இடத்தில் வெட்டி, ஒரு ராத்திரி அப்படியே உலரவிட்டு, ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி நிறுத்தினேன். மூன்று நாளுக்கு ஒரு தரம் தண்ணீர் மாற்றினேன். ஒரு மாதத்துக்கு மேல் ஒன்றுமே நடக்கவில்லை. மார்கழி கடைசியில் விழுதின் பக்கவாட்டில் அரிசி முனைபோல் வெள்ளையாக இரண்டு புள்ளிகள் தெரிந்தன. அன்று அலுவலகத்துக்குத் தாமதமாகத்தான் போனேன். கணு இல்லாமல் வெறும் இலைக்காம்பை எத்தனை மாதம் தண்ணீரில் வைத்தாலும் புதுச்செடி வராது. வெட்டுவதற்கு முன்னால் கணு எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் போடும் கலவை: தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, உடைத்த அடுப்புக்கரியும் ஓட்டுச் சில்லும் சேர்த்து ஒரு பங்கு. மட்டைத் துண்டுகளை மூன்று நாள் ஊற வைத்து, தினமும் தண்ணீரை மாற்றிவிட வேண்டும். தென்னைநாரிலும் உப்பு இருக்கும். தண்ணீர் ஊற்றலாமா வேண்டாமா என்று சொல்ல எங்கள் வீட்டில் ஒரு விளக்குமாற்று ஈர்க்குச்சி இருக்கிறது. தொட்டியின் ஓரமாக அரை அடி ஆழத்துக்குச் செருகி, ஐந்து நிமிஷம் கழித்து உருவிப் பார்ப்பேன். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்று தண்ணீர் கிடையாது. மேல்மண் காய்ந்திருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. சித்திரையில் மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீர் கேட்கும் அதே தொட்டி, கார்த்திகையில் பதினைந்து நாள் வரை கேட்காமல் இருக்கும்.

2020 பங்குனியில் கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மா பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தார். ஊரடங்கு போட்டார்கள். அம்மா இங்கேயே தங்கிவிட்டார். அப்போது செடிக்குப் புதிதாக வந்த இலைகள் உள்ளங்கை அளவில், ஓட்டையே இல்லாமல் இதய வடிவில் இருந்தன. வேரெல்லாம் போய்ப் பிழைத்த செடி மறுபடி குழந்தையாகத்தான் ஆரம்பிக்கும். அம்மா ஒரு காம்பை விரலால் வருடிப் பார்த்துவிட்டு, “இது சேம்பு சாதிடி. பால் கையில பட்டா அரிக்கும் பாரு” என்றார். சரியாகத்தான் சொன்னார். சேம்பு, கருணைக்கிழங்கு, மணி பிளான்ட், மான்ஸ்டெரா எல்லாம் ஒரே குடும்பம். கருணைக்கிழங்கு நறுக்கும்போது அரிக்க வைக்கிற அதே ஊசிப் படிகங்கள், கால்சியம் ஆக்சலேட், இதிலும் இருக்கின்றன. வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்வது நல்லது. தவழும் குழந்தையோ நாயோ பூனையோ இருக்கும் வீட்டில் கீழ் இலைகள் எட்டாதபடி வைக்க வேண்டும், கடித்தால் வாயெல்லாம் எரியும்.

அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் செடியைத் தெற்கு பக்கத்து ஹாலிலிருந்து தூக்கி, வடக்கு பார்த்த படுக்கையறை ஜன்னலருகே வைத்தேன். வடக்கென்றால் நிழல் என்று படித்திருந்தேனே. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஜன்னலை ஒட்டியிருந்த இரண்டு இலைகளில் பால் கொட்டியதுபோல் வெளிறிய திட்டுகள். கொஞ்ச நாளில் அவை பழுப்பாகி உடைந்தன. பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் தெளித்தேன், அது இன்னும் மோசமாக்கியது. எண்ணெய் பட்ட இலையில் வெயில் அடித்தால் வெந்துவிடும்.

அம்மாதான் கண்டுபிடித்தார். சாயங்காலம் நாலரைக்கு அந்த அறையில் படுத்திருந்தவர், “வெயில் மூஞ்சில அடிக்குது, இது நிழல் ஜன்னலா? சூரியன் வடக்க போயிடுச்சு, உனக்குத் தெரியலையா?” என்றார்.

சென்னை பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் நேராக நட்ட குச்சிக்கு நிழல் விழாது. அதற்குப் பிறகு சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது, ஆகஸ்ட் 18 வாக்கில்தான் மறுபடி உச்சியைக் கடந்து தெற்கே திரும்புகிறது. ஆக, மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் வடக்குச் சுவரில்தான் வெயில். நண்பகலில் சன்ஷேடு மறைத்துவிடும். காலையிலும் மாலை நான்கு மணிக்கு மேலும் சாய்வாக உள்ளே வரும். தெற்கு பால்கனியோ அந்த மாதங்களில் நல்ல வெளிச்சமான நிழல். லண்டனிலோ டொரொண்டோவிலோ நண்பகல் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கேதான். அவர்கள் எழுதிய திசையை வைத்து நான் செடியை நிழலிலிருந்து வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். உத்தராயணம், தட்சிணாயணம் என்று காலண்டரில் வருஷா வருஷம் பார்த்தும் அதை என் வீட்டு ஜன்னலோடு சேர்த்து யோசித்ததில்லை.

அன்றிலிருந்து அம்மா கோடு போட ஆரம்பித்தார். ஹாலில் இரண்டடி டைல்ஸ். மார்கழியில் காலை ஒன்பது மணி வெயில் பால்கனியைத் தாண்டி, ஹாலுக்குள் மூன்றாவது டைல்ஸ் வரை வந்தது. மாசியில் கதவுப்படியோடு நின்றது. பங்குனியில் பால்கனியில் பாதி. சித்திரை நடுவில் அதுவும் இல்லை. இந்த ஓட்டத்துக்கு ஏற்பத்தான் இப்போது செடி நகர்கிறது. சித்திரை முதல் ஆடி வரை தெற்கு பால்கனிக் கதவை ஒட்டி நிற்கும். ஆவணியிலிருந்து ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் உள்ளே வரும். மார்கழி, தை மாதத்துக் காலை வெயில் இதமானது, அது ஒரு மணி நேரம் இலையில் பட்டால் நல்லதுதான். மண்ணோடு சேர்த்துத் தொட்டி இரண்டு ஆள் தூக்கும் கனம். சக்கரம் வைத்த ஸ்டாண்டு இல்லாமல் இது நடக்காது. செடி சின்னதாக இருக்கும்போதே வாங்கி அடியில் வைத்துவிடுங்கள்.

தொட்டி மாற்றுவதற்கும் அம்மா ஆடி மாதத்தைத்தான் சொன்னார். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வயலுக்குச் சொன்னது, ஆனாலும் தொட்டிக்கும் பொருந்துகிறது. கத்திரி வெயில் போயிருக்கும், மாலையில் அவ்வப்போது மழை வரும், புது வேர் பிடிக்க ஐப்பசி அடைமழை வரை மூன்று மாதம் கையில் இருக்கும். மழை தொடங்கிய பிறகு தொட்டி மாற்றிய ஒரு வருஷம் செடி தை வரை அசையவே இல்லை. உரமும் ஆனியிலிருந்து புரட்டாசி வரைதான், மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரம். மீனையும் வெல்லத்தையும் ஊற வைத்துச் செய்யும் மீன் அமிலம் நல்ல உரம், ஆனால் வீட்டுக்குள் அந்த வாடை இரண்டு நாள் போகாது. ஆவணி, புரட்டாசியில் இடிமழை வரும் மாலையில் மொட்டை மாடியில் பிடித்த தண்ணீரை அடியில் வழிந்தோடும் வரை ஊற்றி, கோடையில் சேர்ந்த உப்பை வருஷத்துக்கு ஒரு முறை கழுவிவிடுவேன். அடித்தட்டில் தேங்கிய தண்ணீரை உடனே கொட்டிவிட வேண்டும். மாநகராட்சியிலிருந்து டெங்கு கொசுப்புழு பார்க்க வருபவர்கள் முதலில் பார்ப்பது செடித் தட்டைத்தான்.

ஏறுவதற்கு ஏதாவது இருந்தால்தான் இது பெரிய இலை விடும். பி.வி.சி. பைப்பில் தென்னங்கயிற்றை நெருக்கமாகச் சுற்றி நட்டிருக்கிறேன். தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அந்தக் கயிற்றையும் நனைத்தால் விழுதுகள் தாமாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கீழ்வீட்டுக் குடும்பம் கட்டிலையும் டிவியையும் தூக்கிக்கொண்டு எங்கள் ஹாலுக்கு வந்துவிட்டார்கள். மூன்று நாள் கரண்ட் இல்லை. மான்ஸ்டெராவை மடக்கி, இலைகளைப் பழைய வேட்டியால் கட்டி, சமையலறை மூலையில் நிறுத்தினோம். ஜன்னலெல்லாம் சாத்திக் கிடந்தது, காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. பழைய நானாக இருந்தால், பாவம் வாடுகிறதே என்று தண்ணீர் ஊற்றியிருப்பேன். இந்த முறை ஈர்க்குச்சியைத்தான் நம்பினேன். இருபத்திநாலு நாள் ஒரு சொட்டு ஊற்றவில்லை. மேல்மண்ணில் பூஞ்சை பூத்தது, கண்ணுக்கு முன்னால் பறக்கிற பொடிக் கொசு வந்தது. கரண்ட் வந்ததும் மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் பகல் முழுக்க ஓடவிட்டோம். ஓர் இலைதான் போனது.

பொங்கல் நேரத்தில் கவனிக்க வேண்டியது போகிப் புகை. மறுநாள் வெள்ளைத் துணியை நனைத்து இலையைத் துடைத்தால் துணி கரிபிடித்த அடுப்புத்துணி மாதிரி ஆகிவிடும். அந்தப் படலம் இருந்தால் இருக்கும் கொஞ்ச வெளிச்சமும் இலைக்குள் போகாது. ஓர் உள்ளங்கையை இலைக்கு அடியில் தாங்கலாக வைத்து, நடு நரம்பிலிருந்து ஓரத்துக்குத் துடைப்பேன். அப்போதுதான் காம்பு இடுக்குகளும் கண்ணில் படும். மாசி, பங்குனியில் வெயில் ஏறும்போது மாவுப்பூச்சி அந்த இடுக்குகளில்தான் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும். தண்டில் எறும்பு வரிசை தெரிந்தால் தேடிப் பாருங்கள், நிச்சயம் இருக்கும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து தெளிப்பேன். வாரம் ஒரு முறை, மூன்று வாரம்.

ஆவணி வந்தால் எனக்கு வேறு வேலை ஓடாது. காம்பின் பள்ளத்திலிருந்து ஊதுவத்திபோல் ஒரு சுருள் கிளம்பும். நாளுக்கு நாள் பருத்து, ஒரு காலையில் பக்கவாட்டில் பிளந்திருக்கும். உள்ளே தெரியும் பச்சை, வாழைக்குருத்தின் உள்பச்சை. அடுத்த நான்கைந்து நாளில் முழுசாக விரிந்து தொங்கும், தொட்டால் குழந்தையின் காது மடல்போல் குழைவாக இருக்கும். அந்த வாரம் யாரும் தொடக் கூடாது, விரல் அழுத்தமே தழும்பாக நின்றுவிடும். முதல் நாள் தண்ணீர் ஊற்றியிருந்தால், விடிகாலையில் இலை நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருக்கும். நடு நரம்பை ஒட்டிய சின்ன ஓட்டைகளின் இரண்டாவது வரிசை எனக்கு முதன்முதலாகக் கிடைத்தது 2022இல். வெட்டிப் பிழைக்க வைத்த அந்த இரண்டு கணுவிலிருந்து அதற்கு இரண்டரை வருஷம் ஆனது.

இந்த ஆடியில் உச்சி இலை மின்விசிறி இறக்கையைத் தொடப் பார்த்தது. மேலிருந்து மூன்று கணு விட்டு வெட்டி, தண்ணீரில் வேர்விட்டு, எட்டு அங்குலத் தொட்டியில் நட்டோம். இரண்டாவது மாடியில் எதிர்ப்பக்கம் இருக்கும் அக்கா ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டு பால்கனி வடக்கு பார்த்தது, எங்கள் கணக்கு அங்கே அப்படியே தலைகீழ். அதைச் சொல்லி விளக்க நான் வாயெடுப்பதற்குள், அம்மா தொட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, அலமாரியிலிருந்து புது சாக்பீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கினார்.